அப்பளக் கடை வலைத்தளமும் ஆச்சி காட்டிய குறைகளும்

நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒருவரிடம் போனை நீட்டி, "எங்க வெப்சைட் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதில் பொய் எதுவும் இல்லை. அம்பாசமுத்திரத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் நமக்கு வேண்டியவர்கள் நம் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறார்கள். அந்தப் பிரியத்தை வைத்துக்கொண்டு தளத்தில் ஒரு பட்டனைக்கூடச் சரிசெய்ய முடியாது என்பதுதான் சங்கடம்.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டில் அப்பளம் போடுகிறோம். என் மாமியார் தொடங்கிய தொழில். உளுந்து மாவும் பெருங்காயமும் அப்பளக்காரமும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்து, தேய்த்துக் காயவைக்கிற பழைய முறைதான். தாமிரபரணித் தண்ணீருக்குத்தான் அந்த ருசி என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சாதா, மிளகு, சீரகம், பூண்டு, அப்புறம் கல்யாண இலைக்குப் போடுகிற பெரிய அப்பளம். கூடவே மோர்மிளகாய், சுண்டைக்காய் வத்தல், கூழ்வத்தல். சென்னை, பெங்களூர், மும்பை என்று போய்க் குடியேறிய நம்மூர்க்காரர்கள் ஊருக்கு வரும்போது பை நிறைய வாங்கிப் போவார்கள். வராத மாதங்களிலும் அவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் தளம் தொடங்கினோம். பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு தம்பி வடிவமைத்துக் கொடுத்தார். பார்க்க லட்சணமாகவே இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆர்டர் போடாமல் திரும்பிப் போனார்கள்.

காரணம் தேடும்போது எனக்கு மிகவும் உதவியது கேள்வியை மாற்றியதுதான். கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு வேலையைக் கொடுத்தேன். "பெங்களூரில் இருக்கும் உங்க மகளுக்கு ஒரு கிலோ மிளகு அப்பளம் அனுப்பணும். கூரியரோட சேர்த்து எவ்வளவு ஆகும்னு இந்தப் போன்ல பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வேன். அவர் தடுமாறினாலும் கையை நீட்டிக் காட்டிக்கொடுக்க மாட்டேன். தொடங்கும் முன்பே, "சோதனை தளத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை. புரியலைன்னா தப்பு எங்க மேலதான்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவேன். அதைச் சொல்லாவிட்டால் பெரியவர்கள் தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து, தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். அப்பளப் பாக்கெட்டைக் கையில் கொடுப்பதும் எல்லாம் முடிந்த பிறகுதான். முதலிலேயே கொடுத்தால் குறை சொல்ல வாய் வராது.

இந்த முறை என்னுடைய கண்டுபிடிப்பு இல்லை. வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யவைத்துக் கவனிப்பதை 1982-இல் ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் என்பவர் கணினிப் பயன்பாட்டுச் சோதனைக்காக எழுதிவைத்தார். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரிப் பயனாளர்களாக இருந்தால்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். எங்களிடம் வாங்குகிறவர்கள் பல தரம். அதனால் ஒவ்வொரு தரத்துக்கும் ஒருவராவது இருக்கும்படி ஆட்களைத் தேடினேன். சொந்த வீட்டு ஆட்களைச் சேர்க்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தளம் மனப்பாடம் ஆகியிருந்தது.

அதிகம் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு ஆச்சி. ஆச்சிக்குப் போன் புதிதில்லை. பேரனோடு வீடியோவில் பேசுவார், யூடியூபில் கோயில் திருவிழா பார்ப்பார். தளத்தைத் திறந்ததும் மேலே தாமிரபரணிப் பாலமும் சூரிய அஸ்தமனமும் அழகாக வந்தன. ஆச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்பாசமுத்திரம் பாலம்லா இது. அப்பளம் எங்கன இருக்கு?" என்றார். கீழே தள்ளினால் வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒரு திரை முழுவதையும் பாலமே அடைத்துக்கொண்டதால், அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். தானாகத் தள்ளிப் பார்த்த பிறகு மிளகு அப்பளத்தின் படத்தை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. படத்துக்குக் கீழே இருந்த சின்னப் பெயர்தான் அமுக்கக்கூடியது. படத்தையே மறுபடி மறுபடி அமுக்கினார். தள்ளுவண்டி போல ஒரு குறி மூலையில் இருந்தது, அது எதற்கு என்று தெரியவில்லை. விலை சாம்பல் நிறத்தில் மெல்லிய எழுத்தில் இருந்தது. முற்றத்து வெளிச்சத்தில் போனைக் கண்ணருகே கொண்டுபோய், "எழுத்து கரைஞ்சு கெடக்கே தாயி" என்றார்.

இத்தனையும் சில நிமிடங்களில் நடந்தது. ஆச்சியிடம் கடைசியில், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார்! வாயால் சொன்னதை மட்டும் குறித்திருந்தால் என் நோட்டில் அந்த ஒரு வரிதான் இருந்திருக்கும். அன்றிலிருந்து நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றில் அவர் செய்தது, இன்னொன்றில் அவர் சொன்னது. இரண்டும் முரண்பட்டால் செய்ததைத்தான் நம்புகிறேன்.

மும்பை செம்பூரில் இருக்கும் என் சித்தி மகள் இன்னொரு தரம். இணையத்தில் வாங்கிப் பழகியவள், வேகமாகப் போவாள். வீடியோ அழைப்பில் தன் போன் திரையைக் காட்டிக்கொண்டே செய்தாள். சடசடவென்று கடைசிப் பக்கம் வரை போய்விட்டு அங்கே நின்றாள். கூரியர் கட்டணம் அந்தப் பக்கத்தில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. "அக்கா, இது தெரியாத கடையா இருந்தா நான் இப்பவே மூடியிருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்ன எடை வரைக்கும் இதே கூரியர்தான்னு முதல்லயே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு பாக்கெட் சேர்த்திருப்பேனே" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை வேலையும் தகும். கட்டணம் அதிகம் என்பது அவள் குறை இல்லை, கடைசியில் சொன்னோம் என்பதுதான். இப்போது ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் பின்கோடு போடுகிற கட்டம் இருக்கிறது. ஆறு எண்ணைப் போட்டால் கூரியர் எவ்வளவு, எந்த எடை வரை அதே கட்டணம் என்று அங்கேயே வந்துவிடும்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். "பணம் போட்டுட்டுச் சாமான் வரலைன்னா யார்கிட்ட கேக்கிறது?" கடையின் முகவரியும் போன் எண்ணும் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தின் அடியில் கிடந்தன. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பாக்கெட்டில் இருந்தது, தளத்தில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இல் வந்தன. இணையத்தில் விற்கிறவர் தன் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைகளைக் கேட்பவர் யார் என்பதைத் தளத்தில் காட்ட வேண்டும் என்று அவை சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து பணம் அனுப்புகிறவருக்கு நாம் யார் என்று தெரிய வேண்டாமா? இப்போது எல்லாப் பக்கத்தின் அடியிலும் அவை இருக்கின்றன. போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்.

பாளையங்கோட்டையில் படிக்கிற ஒரு கல்லூரிப் பெண் பொருள் படங்களைப் பார்த்ததும் சொன்னாள்: "இது நம்ம அப்பளம் இல்லையே." மேலே வெங்காயமும் தக்காளியும் தூவிய வடநாட்டுப் பப்படம் அது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற படம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்று எழுதி அந்தப் படத்தை வைத்தால் ஊர்க்காரருக்கு உறுத்தத்தான் செய்யும். வீட்டுத் திண்ணையில் காலை வெளிச்சத்தில் நாங்களே படம் எடுத்தோம். காய்ந்த அப்பளத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு படம், பொரித்ததை வாழையிலையில் வைத்து ஒரு படம். கையில் வைத்த படத்தால் அளவு பற்றிய கேள்விகள் பாதி நின்றுபோயின.

எழுத்து விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் தளம் வைக்கிற எல்லாச் சின்னக் கடைக்கும் இது வரும். எங்கள் பாக்கெட் லேபிள் அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் அலங்கோலமாக வந்து விழும், ஏனென்றால் எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையில் பாமினி இல்லை. அதனால் விவரங்களைப் படமாக்கித் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். படத்தில் இருக்கும் எழுத்தைப் பெரிதாக்கினால் திரையை விட்டு வெளியே போகிறது. பார்வை இல்லாதவர்களுக்குப் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டாது. கூகுள் தேடலிலும் அது சரியாகச் சிக்காது. எல்லாவற்றையும் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தோம். ஆங்கிலத்துக்கு அழகாக இருந்த வரி இடைவெளி தமிழுக்குப் போதவில்லை. மேல் வரியின் 'து', 'கூ' எல்லாம் கீழ் வரியின் 'கீ', 'சி' மேல் வளைவுகளோடு முட்டிக்கொண்டன. வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.7 மடங்கு ஆக்கியதும் பக்கம் மூச்சுவிட்டது. தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடம்விட்டிருந்ததையும் எடுத்தோம். ஆங்கிலத்தில் அது எடுப்பாக இருக்கும், தமிழில் சொல் சிதறிப்போகும். 'கூடையில் சேர்க்கவும்' சின்னப் போனில் இரண்டு வரியாக மடிந்தது, 'ஆர்டர்' என்று சுருக்கினோம். ஆச்சி சொன்ன 'கரைஞ்ச' எழுத்துக்கும் கணக்கு இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று இணையத்தள அணுகல் வழிகாட்டி சொல்கிறது. எங்கள் சாம்பல் அதற்கு வெகு கீழே இருந்தது.

வேகத்தைப் பற்றி யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. காத்திருந்து, பெருமூச்சு விட்டு, வேறு எங்கோ பார்த்தார்கள். பாபநாசம் தாண்டிக் காரையார்ப் பக்கம் போனால் சிக்னல் தேய்ந்துவிடும். அங்கே ஒருவர் போனில் திறந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. தளத்தின் வேகத்தை அளந்து சொல்லும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இலவசம், தளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். போனில் எடுத்த படங்களைச் சுருக்காமல் ஏற்றியதுதான் தாமதத்துக்குப் பெரிய காரணம். வெப்பி (WebP) என்ற, கோப்பளவு குறைந்த பட வடிவத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? சோதனையில் சேர்க்கவில்லை என்பதால் அவர்களுக்குக் கருத்து இல்லாமல் போகாது. என் மாமனாருக்குக் கடைப் பெயர் திரை முழுக்கப் பெரிதாக வர வேண்டும், மேலே பிள்ளையார் படம் வேண்டும், சுற்றி விளக்கு எரிய வேண்டும். "வேண்டாம் மாமா" என்று சொல்வது எளிது, அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. "எதுக்காக மாமா அப்படி வேணும்ங்கிறீங்க?" என்று நிதானமாகக் கேட்டேன். "நேத்து முளைச்ச கடைன்னு நெனச்சிரப் போறான். அத்தை கையால ஆரம்பிச்ச தொழில்லா" என்றார். அவர் கேட்ட விளக்கை விட அந்தக் கவலை முக்கியமானது, மிகவும் நியாயமானது. அத்தை அப்பளம் தேய்க்கிற படத்தை முதல் பக்கத்தில் வைத்து, இந்த வீட்டில் யார் தொடங்கினார்கள் என்று இரண்டு வரி எழுதினோம். பிள்ளையார் அடக்கமாக மேலே இருக்கிறார். மாமாவுக்குத் திருப்தி. வெளியூர்க்காரர்களும் அந்தப் படத்தில் நின்று பார்க்கிறார்கள். தீர்வாகச் சொல்லப்படுகிற எந்தக் கருத்துக்கும் பின்னால் ஒரு பிரச்சினை இருக்கும். கேட்டு அதை வெளியே எடுக்க வேண்டும், தீர்வை நாமும் வடிவமைப்பாளரும் யோசிக்கலாம்.

கருத்துகள் மோதும்போது எண்ணிக்கை பார்க்க வேண்டாம். குங்கும நிறம் கண்ணைக் குத்துகிறது என்றார் ஒருவர், அதுதான் லட்சணம் என்றார் மற்றவர். எங்கள் பாக்கெட் பல வருடமாக அந்த நிறம். வாங்குகிறவர் அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார், அதனால் மாற்றவில்லை. ஆனால் ஆர்டர் போட விடாமல் தடுக்கிற குறையை ஒரே ஒருவர் சந்தித்திருந்தாலும் உடனே சரிசெய்தோம். ஆளைத் தடுத்து நிறுத்துவது முதலில், தாமதப்படுத்துவது அடுத்து, ரசனை சார்ந்தது கடைசியில். இப்படி வரிசைப்படுத்தினால் காசும் மிஞ்சும்.

வடிவமைத்த தம்பியிடம் இதையெல்லாம் கொண்டுபோவது தனி வேலை. ராத்திரி பகல் உட்கார்ந்து செய்தவருக்கு, "இது சரியில்லை, அது சரியில்லை" என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினால் மனம் சுருங்கத்தான் செய்யும். ஆச்சியின் அனுமதியோடு போன் திரையைப் பதிவு செய்திருந்தேன். அதை மட்டும் அனுப்பினேன், கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆச்சி படத்தையே திரும்பத் திரும்ப அமுக்குவதைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். "அக்கா, படத்துக்கே லிங்க் குடுத்துருதேன். பாலத்தைச் சின்னதாக்கி, கீழ அப்பளம் எட்டிப் பாக்கிற மாதிரி வச்சிருவோம்" என்றார். நான் கேட்டிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு எழுதும்போது இப்போதும் மூன்றைத்தான் எழுதுகிறேன்: யார் பார்த்தார், என்ன செய்ய முயன்றார், எந்த இடத்தில் நின்றார்.

வடிவமைப்புத் தெரிந்த வேறு சிலரிடமும் பார்க்கச் சொன்னோம். அவர்களிடமும் வெறுமனே "பார்த்துச் சொல்லுங்க" என்றால் அவரவர் ரசனைதான் வரும். நான் அனுப்பிய செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "வீட்டில் செய்த அப்பளம் விற்கிறோம். வாங்குகிறவர்கள் வெளியூரில் இருக்கும் நெல்லைக்காரர்கள், பெரும்பாலும் போனில், பாதிப் பேர் தமிழில் படிக்கிறார்கள். தளத்தின் வேலை ஆர்டர் வாங்குவது. நிறத்தையும் பெயரையும் மாற்ற முடியாது. பொருள் பக்கத்தில் இருந்து பணம் கட்டும் பக்கம் வரை எங்கே தடுக்கிறது என்று மட்டும் பாருங்கள்." எது மாறும், எது மாறாது என்று முதலிலேயே சொன்னதால் அவர்கள் நேரமும் வீணாகவில்லை. வந்த பதில்கள் எல்லாம் கைக்கு வேலை கொடுக்கிற பதில்கள். பணம் கட்டியதும் ஆங்கிலத்தில் ஒரு நன்றி மட்டும் வந்துகொண்டிருந்ததை அவர்களில் ஒருவர்தான் பிடித்தார். இப்போது ஆர்டர் எண், என்ன வாங்கினார், எந்த நாளுக்குள் வரும் என்பது தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது.

யாரையும் தேடிப் போகாமல் தினமும் கிடைக்கிற கருத்து ஒன்று இருக்கிறது: வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விகள். ஒரு கிலோவில் எத்தனை அப்பளம் இருக்கும்? எத்தனை மாசம் வைத்திருக்கலாம்? ஐப்பசி மழையில் அனுப்புவீர்களா? ஒரே கேள்வி மறுபடியும் வந்தால் தளம் அதைச் சொல்லவில்லை, அல்லது சொன்னது கண்ணில் படவில்லை என்று அர்த்தம். பதில் அனுப்பும்போதே நோட்டிலும் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். எடைக்குப் பக்கத்தில் அப்பளத்தின் எண்ணிக்கையைப் போட்டது அப்படித்தான். மழைக்காலத்தில் காயவைக்க முடியாமல் தாமதமாகும் என்ற வரியை ஐப்பசி பிறக்கும்போது முதல் பக்கத்தில் ஏற்றி, தை வந்ததும் எடுப்பதும் அப்படி வந்ததுதான்.

கல்யாணச் சமையல் செய்கிற ஒரு தவசுப்பிள்ளைக்கும் வேலை கொடுத்துப் பார்த்தேன். பெரிய அப்பளம் மொத்தமாக வாங்குகிறவர் அவர்தான். ஒரு பக்கம்கூட அவர் தள்ளிப் பார்க்கவில்லை. "முந்நூறு இலைக்கு எவ்வளவு வேணும்னு இதுல கேக்க முடியுமாம்மா? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து சேரணும், நொறுங்கினா மாத்தித் தரணும். இதெல்லாம் பேசித்தானே முடிக்கணும்?" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கல்யாண ஆர்டருக்கு என்று போட்டிருந்த நீளமான படிவத்தை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் "எத்தனை இலை, என்ன தேதி, எந்த ஊர். கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்ற வரியும், தொட்டால் அத்தையின் போனுக்குப் போகிற பட்டனும் இருக்கின்றன. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் தவசுப்பிள்ளைகளுக்கு ஓய்வு இருக்கும். ஆவணிக்கு முன்னால் இன்னும் சிலரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துப் பார்க்கப் போகிறேன், இந்த முறை கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஆட்களையும் சேர்த்து.